உயர்தர ஹெட்போன்கள்: ஒலியையும் அணியும் சுகத்தையும் ஒப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலி முக்கியமா, சௌகரியம் முக்கியமா? எதை முதலில் பார்ப்பது?

இரண்டுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுவதில்தான் பெரும்பாலான ஒப்பீடுகள் தடம் மாறுகின்றன. பேட் (காதைச் சுற்றி அமரும் மெத்தை) எவ்வளவு அமுங்குகிறது, காதுமடல் உள்ளே எங்கே படுகிறது, தாடைக்குப் பின்னால் இடைவெளி விழுகிறதா என்பதெல்லாம் ஒலியைத் தீர்மானிக்கும் விஷயங்கள். பேட் ஓரத்தில் சிறு இடைவெளி இருந்தாலே பல மாடல்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலிகள்) சில டெசிபெல் இறங்கிவிடும். அரை மணி நேரத்தில் உச்சந்தலை வலிக்க ஆரம்பித்தால் ஹெட்பேண்டைச் சற்றுப் பின்னால் தள்ளுவீர்கள். தள்ளியதும் டிரைவர் (ஒலியை உண்டாக்கும் பகுதி) காதைப் பார்க்கும் கோணம் மாறும், ட்ரெபிளும் (உயர்ந்த சுருதி ஒலிகளும்) கூடவே மாறும். எனவே உங்கள் தலையில் ஒழுங்காக உட்காராத ஹெட்போனின் ஒலியைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை. முதலில் உட்கார வையுங்கள், பிறகு கேளுங்கள்.

டைனமிக், பிளேனர், எலக்ட்ரோஸ்டாட்டிக்: காதுக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

டைனமிக் வகையில் கம்பிச்சுருள் ஒட்டிய சவ்வு காந்தத்தின் முன் அசைகிறது. 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600, 56 மில்லிமீட்டர் வளைய டிரைவர் கொண்ட எச்டி 800 எஸ், 40 மில்லிமீட்டர் பெரிலியம் சவ்வோடு 2016இல் வந்த ஃபோகல் யுட்டோப்பியா எல்லாமே இந்த வகைதான். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே குடும்பம் என்று சொல்லவே தோன்றாது.

பிளேனர் வகையில் மெல்லிய படலத்தின் மேலேயே கடத்தித் தடம் பதிக்கப்பட்டிருக்கும், அதன் ஒருபுறமோ இருபுறமோ காந்த வரிசை இருக்கும். படலம் முழுப் பரப்பிலும் தள்ளப்படுவதால், பேட் நன்றாகப் பொருந்தியிருந்தால் பேஸ் 20–30 ஹெர்ட்ஸ் வரை கிட்டத்தட்ட நேர்கோடாக இறங்கும், சிதைவும் குறைவு. அதற்கு ஈடாகக் காந்தங்களின் எடையை உங்கள் கழுத்து சுமக்கிறது. ஆடிஸ், ஹைஃபைமேன், டான் கிளார்க் ஆடியோ, மெஸே ஆகியவை இந்தப் பக்கம்.

எலக்ட்ரோஸ்டாட்டிக்கில் சில மைக்ரான் தடிமனே உள்ள, மின்னூட்டம் ஏற்றிய படலம் இரண்டு துளைத் தகடுகளுக்கு நடுவே நிற்கும். 1960இல் ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-1 தொடங்கிவைத்த வழி இது. சாதாரண ஆம்பில் (ஹெட்போனை ஓட்டும் ஆம்ப்ளிஃபையரில்) இது ஓடாது. 580 வோல்ட் பயாஸ் (படலத்தின் மின்னூட்டத்தை நிலைநிறுத்தும் மின்னழுத்தம்) தரும் தனி ஆம்ப் வேண்டும். ஸ்டாக்ஸின் பழைய மாடல்கள் 230 வோல்ட், ஆறு பின். புதியவை 580 வோல்ட், ஐந்து பின். பழையதை இரண்டாம் கையில் வாங்குகிறவர்கள் பின்களை எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

வகையை வைத்து ஒலியைக் கணிப்பது பாதிதான் சரிவரும். ‘பிளேனர் என்றாலே பேஸ், எலக்ட்ரோஸ்டாட்டிக் என்றாலே மெலிசு’ என்ற சூத்திரம் நான்கு மாடல்களைக் கேட்பதற்குள் உடைந்துவிடும். எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உரக்கத் தருகிறது என்பதே காதில் விழும் வித்தியாசத்தின் பெரும்பங்கு. டிரைவர் வகை அதற்குப் பிறகுதான்.

இரண்டு ஹெட்போன்களை நியாயமாக ஒப்பிட என்ன செய்ய வேண்டும்?

ஓசை அளவைச் சமப்படுத்த வேண்டும். இதைச் செய்யாமல் சொல்லப்படும் எந்தத் தீர்ப்பையும் பொருட்படுத்த வேண்டாம். ஒரே ஆம்ப், ஒரே வால்யூம் நிலை, இரண்டு ஹெட்போன் என்று மாற்றி மாற்றிப் போட்டால் உணர்திறன் கூடியது உரக்கப் பாடும். உரக்கக் கேட்பதைக் காது ‘நிறைவானது, தெளிவானது’ என்றே எடுத்துக்கொள்ளும். அத்தோடு, குறைந்த ஓசையில் பேஸை நம் காது குறைவாகவே உணர்கிறது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். ஆக 3 டெசிபெல் வித்தியாசம் கூட ஒன்றைப் ‘பேஸ் இல்லாதது’ ஆக்கிக் காட்டிவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய முறை இது:

1. சுமார் 20 சென்டிமீட்டர் சதுரமான கெட்டி அட்டையோ மரப்பலகையோ எடுத்து, நடுவில் ஒலிமானியின் (ஓசை அளவு காட்டும் கருவி) மைக் முனை இறுக்கமாக நுழையும் அளவுக்குத் துளை போடுங்கள். மைக் முனை பலகையின் மேற்பரப்போடு சமமாக நிற்கட்டும்.
2. ஹெட்போனின் ஒரு கப்பைத் துளை நடுவில் வரும்படி பலகைமேல் வைத்து, தலையில் இருக்கும் அளவு அழுத்தம் கொடுங்கள்.
3. 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வடிகட்டிய பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓடவிட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பேஸ் பகுதியை எடுத்தால் தட்டைப் பலகையில் கசிவு குழப்பும். 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில், காதுமடல் இல்லாததால் கணக்கு தப்பும்.
4. இரண்டாவதை வைத்து, அரை டெசிபெலுக்குள் வரும்வரை வால்யூமை மாற்றி, அந்த நிலையையும் குறித்துவையுங்கள்.
5. கடைசியாக ஒரு குரல் பாட்டைப் போட்டு, குரல் இரண்டிலும் ஒரே தூரத்தில் நிற்பதாகத் தோன்றுகிறதா என்று காதால் சரிபாருங்கள். தேவைப்பட்டால் ஒரு டெசிபெல் கூட்டிக் குறைக்கலாம்.

அதன் பிறகு 20–30 நொடித் துண்டுகளாக மாற்றி மாற்றிக் கேளுங்கள். நுணுக்கமான ஒலி நினைவில் சில நொடிகள்தான் நிற்கும். கழற்றி மாட்டவே பத்து நொடி ஆகிவிடுவதால், கேட்டதை உடனே ஒரு வரி எழுதிவிடுவது உதவும். அடுத்த சுற்றில் வரிசையைத் திருப்புங்கள். பளிச்சென்ற ட்ரெபிள் கொண்டதைக் கால்மணி நேரம் கேட்டபின் எதைப் போட்டாலும் போர்வை போர்த்தியது போலத்தான் இருக்கும், அது இரண்டாவதின் குற்றம் அல்ல.

மாற்றி மாற்றிக் கேட்பது வித்தியாசத்தைக் காட்டும், ஆனால் எதோடு வாழலாம் என்று காட்டாது. அதற்கு ஒவ்வொன்றையும் குறைந்தது 90 நிமிடம் கழற்றாமல் அணிந்து கேட்க வேண்டும். முதல் பத்து நிமிடத்தில் மயக்கும் 8 கிலோஹெர்ட்ஸ் மினுமினுப்பு ஒரு மணி நேரத்தில் தலைவலியாவது சகஜம்.

எந்த மாதிரிப் பதிவுகளைப் போட்டுக் கேட்பது?

உங்களுக்கு வரிவரியாகத் தெரிந்தவை. பிரபலமான ‘டெஸ்ட் ட்ராக்’ பட்டியல்களில் இருப்பவை எந்த ஹெட்போனிலும் அழகாகத்தான் ஒலிக்கும். எதைச் சோதிக்க எது உதவும் என்று சொல்லலாம்.

பெண் குரலில் ‘ச’, ‘ஸ’ வரும் இடங்கள் 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள கூர்முனைகளைக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு ‘ஸ’வும் குரலிலிருந்து பிய்ந்து தனியே சீறினால் அங்கே ஏற்றம் இருக்கிறது. நெருக்கமாக மைக் வைத்துப் பதிந்த நாதஸ்வரமோ டிரம்பெட்டோ 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸைச் சோதிக்கும். ஏற்றம் இருந்தால் வால்யூமைக் குறைக்கக் கை போகும், பள்ளம் இருந்தால் வாத்தியம் பத்தடி தள்ளி நிற்கும். மிருதங்கத்தில் தொப்பியின் கும்காரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேளுங்கள். 100–200 ஹெர்ட்ஸ் உப்பிய ஹெட்போனில் அது அடுத்த அடிவரை வழியும். அதே வாத்தியத்தின் வலந்தலை கணீரென்று தனியாகக் கேட்கவும் வேண்டும். தம்புரா சுருதி மட்டும் ஒரு நிமிடம் ஓடினால் இடது வலது சமநிலை, மேல்சுரங்களின் இழைவு இரண்டும் தெரிந்துவிடும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதற்கு எலக்ட்ரானிக் இசையோ பைப் ஆர்கனோதான் வேண்டும், கர்நாடக இசையில் அவ்வளவு ஆழத்தில் அநேகமாக ஒன்றும் இல்லை.

கோப்புத் தரத்தைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். நல்ல 320 கிலோபிட் கோப்புக்கும் சிடி தரத்துக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு ஹெட்போன்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தின் முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரே பாட்டின் இரு வேறு மாஸ்டரிங்குகளை (வெளியீட்டுக்கான இறுதி ஒலித் தயாரிப்புகளை) வைத்து ஒப்பிட்டுவிடாதீர்கள்.

அளவீட்டு வரைபடங்களை எவ்வளவு நம்பலாம்?

100 ஹெர்ட்ஸ் முதல் சுமார் 5 கிலோஹெர்ட்ஸ் வரை தாராளமாக நம்பலாம். அதற்குக் கீழே, பேட் உங்கள் தலையில் கசிகிறதா என்பதைப் பொறுத்தது. 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, அளவிடும் செயற்கைக் காதின் வடிவமும் உங்கள் காதின் வடிவமும் ஒன்றல்ல. கப்பை அரை சென்டிமீட்டர் நகர்த்தினாலே கோடு ஏறி இறங்கும். வெவ்வேறு கருவிகளில் எடுத்த வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று போட்டு ஒப்பிடவும் கூடாது. பழைய 60318-4 வகைக் கப்ளரில் (செயற்கைக் காதுக் கருவி) எடுத்ததும் புதிய புரூயெல் அண்ட் கேயர் 5128 செயற்கைத் தலையில் எடுத்ததும் ஒரே ஹெட்போனுக்கே வேறு வேறு கோடு தரும்.

ஹார்மன் வளைவு என்பது ஹெட்போனுக்கான ஓர் இலக்குக் கோடு, ஹார்மன் நிறுவன ஆய்வாளர்கள் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் சேர்ந்து, ஏராளமான கேட்பாளர்களின் விருப்பத்தை ஓசை சமப்படுத்திய சோதனைகளில் பதிந்து உருவாக்கியது. 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடு, சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் தூக்கல், இதுதான் அதன் உருவம். அதை ஒட்டிப் போகும் ஹெட்போன் பெரும்பாலோருக்குப் பிடிக்கும், எல்லோருக்கும் அல்ல. வாத்திய இசை மட்டும் கேட்பவர்களில் பலருக்கு அந்தப் பேஸ் கொஞ்சம் தாராளம்தான்.

எத்தனை கிராம் வரை எடை தாங்கும்?

எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சில எடைகள்: எச்டி 600 சுமார் 260 கிராம், எச்டி 800 எஸ் 330, ஆடிஸ் எல்சிடி-5 420, மெஸே எம்பிரியன் 430, ஹைஃபைமேன் சுஸ்வாரா 450, யுட்டோப்பியா 490, ஆடிஸ் எல்சிடி-எக்ஸ் 612. 350 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை ஒரு பிரச்சினையாகவே வராது. 350 முதல் 500 வரை ஹெட்பேண்டின் வடிவம்தான் தீர்மானிக்கும். 500ஐத் தாண்டினால் எவ்வளவு நல்ல ஹெட்பேண்டாக இருந்தாலும் கழுத்து கணக்குக் கேட்கும், அதிலும் குனிந்து படிப்பவர்களுக்கு, எழுதுபவர்களுக்கு.

எடை மூன்று இடங்களில் பிரிகிறது: உச்சந்தலை, பேட் அழுத்தும் காதோரம், கழுத்து. கடினமான வளைவுக்குக் கீழே தொங்கும் அகலமான பட்டை, அதாவது சஸ்பென்ஷன் ஸ்ட்ராப், உச்சந்தலையில் விழும் பாரத்தை ஒரு கோட்டிலிருந்து உள்ளங்கை அளவுப் பரப்புக்கு விரிக்கிறது. எம்பிரியன் அதே எடையுள்ள மற்றவற்றைவிட இலேசாகத் தோன்றுவதற்கு அதன் அகன்ற பட்டைதான் காரணம். மெத்தை தைத்த வளைவு மட்டும் உள்ளவற்றில், நடுவில் பள்ளம் இல்லையென்றால், மண்டை ஓட்டின் உச்சியில் இரண்டு விரல் அகலத்தில் முழு எடையும் குந்தும். முடி குறைந்தவர்களுக்கும் மொட்டைத் தலைக்கும் இது இருபது நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

உச்சி வலித்தால் முதலில் செய்ய வேண்டியது ஸ்லைடரை ஒரு படி நீட்டிப் பார்ப்பது. பலர் தேவைக்கு ஒரு படி குறைவாக வைத்துக்கொண்டு கப்பை மேலே இழுத்தபடி அணிகிறார்கள். ஒரு படி இறக்கினால் பாரத்தில் ஒரு பங்கைப் பேட்கள் பக்கவாட்டில் தாங்கிக்கொள்ளும். அதிகம் இறக்கினாலோ பேட்டின் கீழ் விளிம்பு தாடையில் இடித்து, காதுக்குக் கீழே கசிவு விழும்.

கேபிளின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தடித்த பின்னல் கேபிள் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தால் கப் கீழ்நோக்கிச் சாயும். சட்டையில் ஒரு கிளிப் மாட்டினால் தீர்ந்தது.

புதிய ஹெட்போன் பக்கவாட்டில் இறுக்குகிறது. தளர்த்தலாமா?

சட்டம் எதனால் ஆனது என்று பாருங்கள். எச்டி 600, 650 குடும்பத்தில் ஹெட்பேண்டின் உள்ளே ஸ்பிரிங் எஃகுப் பட்டை ஓடுகிறது. இரு பக்க ஸ்லைடரையும் முழுக்க நீட்டினால் உலோகப் பகுதி வெளியே தெரியும். அந்தப் பகுதியை இரு கையால் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் வளைத்து, அணிந்து பார்த்து, போதவில்லை என்றால் மறுபடி. கப்பைத் தாங்கும் பிளாஸ்டிக் நுகத்தைப் பிடித்து வளைத்தால் விரிசல்தான் மிஞ்சும். உலோகமே வெளியே தெரியாத மாடல்களில், தலையைவிட 1–2 சென்டிமீட்டர் அகலமான பெட்டியின்மேல் ஒரே ஒரு இரவு மாட்டிவைக்கலாம். நாள்கணக்கில் விட்டால் பேட் நசுங்கி, அதன் செலவு தனி.

இறுக்கத்தை முழுக்கப் போக்கிவிடவும் கூடாது. தலையை முன்னும் பின்னும் அசைத்தால் வழுக்காமல் நிற்கும் அளவு வேண்டும். அதற்கும் கீழே தளர்ந்தால் எடை முழுக்க உச்சிக்குப் போகும், பேஸும் கசியும்.

கண்ணாடி அணிகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

40 ஹெர்ட்ஸ் தொனியை மிதமான ஓசையில் ஓடவிட்டு, இரண்டு கப்பையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். தொனி சட்டென்று உரக்கமானால் கண்ணாடித் தண்டு கசிவை உண்டாக்குகிறது. மூடிய க்ளோஸ்டு-பேக் வகையில் இந்த இழப்பு பெரிதாகவே இருக்கும். பின்புறம் திறந்த ஓப்பன்-பேக்கில் மாடலுக்கு மாடல் மாறும். துணி, வெல்வெட் பேட்கள் தண்டைச் சுற்றி அமுங்கிக்கொள்ளும். விறைப்பான தோல் பேட் தண்டின் இருபுறமும் பாலம் மாதிரி தூக்கி நிற்கும். மெல்லிய உலோகத் தண்டுள்ள கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்வது பேட் மாற்றுவதைவிடச் சுலபமான தீர்வு. தண்டைப் பேட்டின் மேல் விளிம்புக்கு மேலே ஏற்றி வைத்தும் பார்க்கலாம், கேட்கும்போது படிக்காதவர்களுக்கு அது போதும்.

பேட்களை மாற்றினால் ஒலி மாறுமா? எப்போது மாற்ற வேண்டும்?

மாறும், அதுவும் கேபிள், டேக் (டிஜிட்டல் கோப்பை ஒலி மின்குறியாக மாற்றும் கருவி) எல்லாவற்றையும்விட அதிகமாக. பேட்டின் உயரம் டிரைவருக்கும் காதுக்கும் உள்ள தூரத்தையும், உள்ளே அடைபட்ட காற்றின் கனஅளவையும் தீர்மானிக்கிறது. துளையிட்ட தோலா, முழுத் தோலா, துணியா என்பது பேஸ் எவ்வளவு கசிகிறது, ட்ரெபிள் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. வேறு நிறுவனப் பேட்டைப் போட்டுவிட்டு ‘இந்த ஹெட்போன் இப்படித்தான்’ என்று தீர்ப்பு எழுதுவதில் அர்த்தமே இல்லை. அது வேறு ஹெட்போன்.

வெல்வெட் பேட்கள் தினசரிப் பயன்பாட்டில் ஓரிரு ஆண்டுகளில் தட்டையாகிவிடும். காதுமடல் உள்ளே உள்ள வலையைத் தொட ஆரம்பித்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். செயற்கைத் தோல் வியர்வையிலும் ஈரப்பதத்திலும் உரிந்து கருந்துகளாக உதிரும். ஒவ்வொரு முறையும் கழற்றியபின் உலர்ந்த துணியால் துடைத்தால் அதன் ஆயுள் கூடும். ஆல்கஹால் கலந்த துடைப்பான் வேண்டாம், தோல் வெடிக்கும்.

பேட்டின் உள் அளவையும் பாருங்கள். உங்கள் காதின் நீளத்தையும், தலையிலிருந்து அது எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதையும் ஒரு அளவுகோலால் அளந்துவிட்டு, பேட் துளையோடும் ஆழத்தோடும் ஒப்பிடுங்கள். எச்டி 800 எஸ்ஸின் கப்புக்குள் யார் காதும் தொடாமல் அடங்கும். கிராடோவின் சிறு நுரை பேட்களோ காதின்மேலேயே உட்காரும்.

எவ்வளவு சக்தியுள்ள ஆம்ப் வேண்டும்?

கணக்குப் போட்டுவிட்டால் சண்டை முடிந்துவிடும். உச்சக்கட்டத்தில் 110 டெசிபெல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இது தாராளமான இலக்கு, சராசரி 75 டெசிபெலில் கேட்பவருக்குப் பெரும்பாலும் இவ்வளவு தேவைப்படாது.

யுட்டோப்பியா 80 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 104 டெசிபெல். 110க்கு 6 டெசிபெல் கூடுதல், அதாவது 4 மில்லிவாட், சுமார் 0.57 வோல்ட். 1 வோல்ட் தரும், ஃபோனில் மாட்டும் சின்ன டாங்கிளே போதும். எச்டி 800 எஸ் 300 ஓம், 1 வோல்ட்டுக்கு 102 டெசிபெல். 110க்குச் சுமார் 2.5 வோல்ட், 21 மில்லிவாட். டாங்கிள் திணறும், எளிய மேசை ஆம்ப் போதும். சுஸ்வாரா 60 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபெல். 110க்கு 27 டெசிபெல் கூடுதல், அதாவது 500 மில்லிவாட், 5.5 வோல்ட். இங்கேதான் உண்மையிலேயே பெரிய ஆம்ப் வேண்டும். ஓம் எண் மட்டும் ‘ஓட்டக் கடினம்’ என்பதைச் சொல்லாது என்பதற்கு இந்த மூன்றே சாட்சி.

ஒரு எச்சரிக்கை: உணர்திறனைச் சில நிறுவனங்கள் 1 மில்லிவாட்டுக்கும், சில 1 வோல்ட்டுக்கும் அச்சிடுகின்றன. மில்லிவாட் எண்ணோடு 10 × மடக்கை(1000 ÷ ஓம்) கூட்டினால் வோல்ட் எண் கிடைக்கும். இதைச் செய்யாமல் இரண்டு தாள்களை ஒப்பிட்டால் 5 முதல் 17 டெசிபெல் வரை பிழை வரும்.

ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸையும் (ஓமில் சொல்லப்படும் வெளியீட்டு மின்தடை) பார்க்க வேண்டும். ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. எச்டி 600இன் இம்பிடன்ஸ் 100 ஹெர்ட்ஸை ஒட்டி 500 ஓமுக்கு ஏறுகிறது. 120 ஓம் அவுட்புட் உள்ள பழைய ஆம்பில் மாட்டினால் அந்த இடத்தில் பேஸ் சுமார் 1 டெசிபெல் கூடும். டியூப் ஆம்பில் ‘வெதுவெதுப்பு’ என்று பலர் சொல்வதில் ஒரு பங்கு இதுதான். பிளேனர்களில் இம்பிடன்ஸ் நேர்கோடு, ஓசை குறையுமே தவிர ஒலியின் நிறம் மாறாது.

பேலன்ஸ்டு இணைப்பு ஒலியை உயர்த்துமா?

பெரும்பாலான ஆம்ப்களில் பேலன்ஸ்டு சாக்கெட் (இடது, வலதுக்குத் தனித்தனியே இரு கம்பிகள் உள்ளது) இருமடங்கு வோல்ட் தரும், அதாவது 6 டெசிபெல் உரக்கம். மாற்றி மாட்டியதும் ‘விரிந்துவிட்டது’ என்று தோன்றுவதற்குக் காரணம் அதுவே. ஓசையைச் சமப்படுத்தினால் வித்தியாசம் பெரும்பாலும் மறையும். சுஸ்வாரா மாதிரி சக்தி கேட்பவற்றுக்கு மட்டும் நடைமுறைப் பயன் உண்டு.

ஆனால் ஒன்றைத் தவறவே விடக்கூடாது. பேலன்ஸ்டு பிளக் உள்ள ஹெட்போனை அடாப்டர் வைத்துச் சாதாரண 6.35 மில்லிமீட்டர் சாக்கெட்டில் மாட்டலாம். அதற்கு நேர்மாறாக, சாதாரண பிளக்கை அடாப்டர் போட்டுப் பேலன்ஸ்டு சாக்கெட்டில் மாட்டக்கூடாது. இரு பக்க எதிர்முனைகளும் ஒன்றோடொன்று குறுக்கிட்டு ஆம்ப் எரியக்கூடும்.

சவுண்ட்ஸ்டேஜ் (இசை பரந்து ஒலிப்பதான உணர்வு) எதனால் வருகிறது?

காதுமடலைத் தொடாத பெரிய கப், முன்பக்கமாகச் சாய்ந்த டிரைவர், திறந்த பின்புறம், 1–2 கிலோஹெர்ட்ஸில் மெல்லிய தணிவு. எச்டி 800 எஸ் இவை எல்லாவற்றையும் வைத்திருப்பதால்தான் அகலம் என்றாலே அதன் பெயர் வருகிறது. 1989இல் வந்த ஏகேஜி கே1000 காதைத் தொடாமல் பக்கவாட்டில் நின்ற இரு சிறு ஒலிபெருக்கிகள். அகலத்தில் எல்லை வரை போனது, பேஸை அதற்கு விலையாகக் கொடுத்தது. இருந்தாலும் எந்த ஹெட்போனும் இசையை முன்னால் பத்தடியில் நிறுத்தாது. ஒலிபெருக்கியில் இடது ஒலி வலது காதுக்கும் சற்றுத் தாமதமாகப் போகும், ஹெட்போனில் போகாது. கிராஸ்ஃபீட் மென்பொருள் அதைச் செயற்கையாகக் கலக்கிறது. இடது வலது என்று முற்றிலும் பிரித்துப் பதிந்த 1960களின் ஸ்டீரியோப் பதிவுகளுக்கு இது பெரிய ஆறுதல், மற்றவற்றில் அகலம்தான் குறையும்.

ஈக்யூ (அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டால் மலிவானதை விலையுயர்ந்தது ஆக்கிவிடலாமா?

பாதி தூரம் போகலாம். எச்டி 600க்கு ஆழப் பேஸ் இறங்கிப்போகிறது. 100 ஹெர்ட்ஸில் 4–5 டெசிபெல் லோ-ஷெல்ஃப் (அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் தூக்கும் அமைப்பு) போட்டால் பெரும்பகுதி திரும்ப வரும், ஆனால் 30 ஹெர்ட்ஸில் சிதைவும் சேர்ந்து ஏறும். பிளேனருக்கு அந்தப் பிரச்சினை மிகக் குறைவு. பழைய எச்டி 800இன் 6 கிலோஹெர்ட்ஸ் கூர்முனையை 4 டெசிபெல் இறக்கினால் ஆள் அடையாளமே மாறும். பின்னால் வந்த எஸ் பதிப்பில் அதே இடத்தை உறிஞ்சி அமைப்பு வைத்துத் தணித்தார்கள்.

ஏற்றிய அளவுக்குச் சமமாக ஈக்யூவில் ப்ரீஆம்ப் எனும் மொத்த ஓசை அளவைக் குறைப்பது கட்டாயம். +5 டெசிபெல் ஷெல்ஃப் என்றால் ப்ரீஆம்ப் −5, இல்லாவிட்டால் உச்சக்கட்டங்கள் வெட்டுப்படும். 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இணையத்தில் கிடைக்கும் அமைப்புகளை அப்படியே எடுக்காதீர்கள். 5 முதல் 12 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு சைன் தொனியை மெதுவாக, குறைந்த ஓசையில் ஏற்றி, உங்கள் காதில் எங்கே குத்துகிறதோ அங்கே மட்டும் 2–3 டெசிபெல் இறக்குங்கள். உங்கள் காதுக்குள் உள்ள ஒத்ததிர்வு உங்களுடையது, அடுத்தவருக்கு வேறிடம். ஈக்யூவால் மாற்ற முடியாதவை எடை, பேட், இறுக்கம், சூடு. ஒலியைத் திருத்தலாம், 612 கிராமைத் திருத்த முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவந்தால், சௌகரியமானதை வாங்கி ஒலியை ஈக்யூவில் சரிசெய்வதே எங்கள் யோசனை.

பர்ன்-இன் (புதியதைப் பல மணி நேரம் ஓடவிட்டுப் பழக்குவது), கேபிள் ஆகியவற்றால் ஒலி மாறுமா?

பர்ன்-இன்னில் பெரிதாக மாறுவது பேட்டும் உங்கள் காதின் பழக்கமும். கேபிளில் நீளம், எடை, உரசும்போது சத்தம் கடத்துகிறதா, பிளக் உறுதியா ஆகிய நான்கைப் பாருங்கள், போதும்.

எவ்வளவு நேரம், எவ்வளவு உரக்கக் கேட்கலாம்?

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல், பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபெல். 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும்: 83க்கு 20 மணி, 86க்கு 10, 89க்கு 5. சிதைவு குறைந்த நல்ல ஹெட்போன்களில் உரக்கம் உரக்கமாகத் தெரியாது என்பதால், மேலே சொன்ன துளைப் பலகையை வைத்து உங்கள் வழக்கமான வால்யூமை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

இரண்டாம் கையில் வாங்கும்போது எதைச் சோதிப்பது?

இரு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோ பதிவொன்றைப் போடுங்கள். குரல் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்தால் ஹெட்போனைத் திருப்பி மாட்டுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் கோளாறு ஹெட்போனில், கேபிளில் அல்லது ஆம்பில், மாறாவிட்டால் உங்கள் காதில். கேபிள் கழற்றக்கூடியதாக இருந்தால் அதன் இடது வலது முனைகளையும் மாற்றிப் பார்த்து, கோளாறு ஹெட்போனிலா, கேபிள் அல்லது ஆம்பிலா என்று பிரித்துவிடலாம்.

அடுத்து 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை சைன் தொனியை நடுத்தர ஓசையில் ஏற்றுங்கள். கரகரப்போ தடதடப்போ கேட்டால் உடனே நிராகரிக்காதீர்கள். டைனமிக் டிரைவரில் பெரும்பாலும் சவ்வில் சிக்கிய ஒரு முடிதான் காரணமாக இருக்கும், பேட்டைக் கழற்றினால் தெரியும். பிளேனரில் அதே சத்தம் வந்தால் படலமோ தடமோ கிழிந்திருக்கலாம், விட்டுவிடுங்கள். பேட்டை மெல்ல அழுத்தி விடும்போது பிளேனரிலும் எலக்ட்ரோஸ்டாட்டிக்கிலும் காகிதம் கசங்குவது போன்ற சத்தம் எழுவது பல மாடல்களில் இயல்பு. அழுத்தம் விட்டபின்னும் ஓசை ஒருபக்கம் குறைந்தே இருந்தால்தான் சிக்கல். எலக்ட்ரோஸ்டாட்டிக்கை ஆம்பில் மாட்டி 10 நிமிடம் மின்னூட்டம் ஏறவிட்ட பிறகே சமநிலையைத் தீர்மானியுங்கள்.

பேட் தேய்ந்திருந்தால் புதிய அசல் பேட்டின் விலையைக் கழித்துப் பேசுங்கள். தேய்ந்த பேட்டோடு கேட்ட ஒலியை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஹெட்பேண்ட் நுகம் சேரும் மூலைகளில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், மயிரிழை விரிசல்கள் அங்கேதான் முதலில் வரும்.